பதின்மூன்றாம் மைல்கட்டை

எழுபதுகளின் நடுவில் அவுஸ்திரேலியாவில் மைல் போய்க் கிலோமீற்றர் வந்தது. அப்போது நான் சிட்னிக்கு மேற்கே ஒரு நகரசபையில் வீதி வேலைக்காரன். மெரிலேண்ட்ஸில் அக்கா வீட்டில் இருந்தேன். டாக்டரான அத்தான்தான் பொறுப்பு நின்று என்னைக் கூப்பிட்டிருந்தார். மனைவி இன்னும் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளைக் கூப்பிட, என் வேலை நிரந்தரமானது என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கிழமை பரமட்டாவுக்குப் போகும் பழைய றோட்டில் மைல் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனோம். சிட்னியிலிருந்து பதினான்கு மைல் என்ற பலகையைக் கழற்றிய இடத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில், இடுப்பளவு உயரத்தில் ஒரு மணற்கல் நின்றது. குதிரைவண்டிக் காலத்து மைல்கட்டை. பாசி பிடித்து, எழுத்துத் தேய்ந்து, எண் தெரியவில்லை. பரமட்டாவில் கவர்னரின் பழைய மாளிகையும் கைதிகள் கட்டிய பாலமும் இருக்கின்றன. மாளிகையைப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே நின்றே பார்த்திருக்கிறேன். உள்ளே போய் டிக்கெட் கேட்கக் கூச்சம். இந்தக் கல்லுக்கு வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

சனிக்கிழமை வரலாற்றுச் சங்கத்தார் அதைப் பார்க்க வருகிறார்கள், சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கி வை என்று வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போனார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஊரில் பதினைந்து வருடம் றோட்டு வேலை செய்தவன். அங்கே பெரிய ஆட்கள் வருவதென்றால் மைல்கட்டைக்குச் சுண்ணாம்பு அடிப்போம், எழுத்துக்குத் தார் பூசுவோம். அது அவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை. புல்லை வெட்டி முடித்ததும், விளையாட்டுத் திடலில் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து, கல் முழுவதும் பூசிவிட்டேன்.

மேற்பார்வையாளர் திரும்பி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கடிதத்தைப் பற்றித் திங்கட்கிழமை பேசலாம் என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அத்தான் சிரித்தார்.

"அவ்வளவு பழைய கல்லை ஒரு நாளிலை புதுசாக்கிப்போட்டாய். இனி ஹாபர் பாலத்துக்கும் ஒருக்கா அடிச்சுவிடு."

"அதுக்குச் சுண்ணாம்பு காணாது, அத்தான்."

"உங்களுக்குப் பகிடி," என்று அக்கா குசினியிலிருந்து சொன்னாள். "அங்கை யாழ்ப்பாணத்திலை அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள்."

அத்தான் சிரிப்பை நிறுத்தினார். "இந்த நாட்டிலை பழசு பழசாய்த் தெரியவேணுமடா. அதைத்தான் வந்து பாக்கினம்."

"கழுவிவிட்டால்?"

"எழுத்தும் சேர்ந்து போனால் என்ன செய்வாய்?"

விடிந்ததும் வாளியும் சாக்குத் துண்டும் எடுத்துக்கொண்டு போனேன். பயந்து பயந்து துடைத்தேன். மேலே இருந்த வெள்ளை கரைந்து வந்தது. எழுத்து வெட்டுக்குள் போன வெள்ளை மட்டும் அப்படியே நின்றது. முதலில் ஒரு கோடு, பிறகு இரண்டு வளைவு. பதின்மூன்று.

பலகை இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே பதினான்கு. கடிதத்தை மறந்து, முழங்காலிட்டுக் கல்லின் அடியைப் பார்த்தேன். மைல்கட்டையில் மண்ணுக்குள் போகிற பாகத்தை ஒருவரும் செதுக்கி வழவழப்பாக்குவதில்லை, கரடாகவே விடுவார்கள். இதில் அந்தக் கரடு ஒரு சாண் வெளியே தெரிந்தது. யாரோ பிடுங்கி வந்து, ஆழம் காணாமல் நட்டிருக்கிறார்கள்.

பின்னால் லொறி வந்து நின்றது. மேற்பார்வையாளரும் நரைத்த தலையோடு ஒரு பெண்ணும் இறங்கினார்கள். சங்கத்தின் தலைவி அவர்தான். கல்லைப் பார்த்ததும் என் பக்கத்தில் ஈரப் புல்லில் முழங்காலிட்டார். எண்ணை விரலால் தடவினார். இவ்வளவு காலமும் பதினான்கு என்றுதான் எழுதி வைத்திருக்கிறோம் என்றார்.

பேசாமல் எழுந்து போயிருக்கலாம். நான் கரட்டைத் தொட்டு, "இது மண்ணுக்குள்ளே," என்றேன். சிட்னிப் பக்கம் கையை நீட்டி, "ஒரு மைல். அங்கே," என்றேன். என்னிடம் இருந்த இங்கிலிஷ் அவ்வளவுதான்.

இவர் யார் என்று அந்தப் பெண் கேட்டார். மேற்பார்வையாளர் "என்னுடைய ஆள்," என்றார்.

திங்கட்கிழமை கடிதம் கிடைத்தது. சுண்ணாம்பு வைத்திருந்த அறைக்குப் புதுப் பூட்டும் வந்தது.

சில மாதங்களில் மனைவி வந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே கூட்டிப் போனேன். எண்ணுக்குள் கொஞ்சம் வெள்ளை இன்னும் இருந்தது.

"இது ஆருடைய கல்லறை?" என்றாள்.

"கல்லறை இல்லை. மைல்கட்டை. இடம் மாறி நிக்குது."

"அப்ப சரியான இடம் எங்கை?"

"சிட்னிப் பக்கம் ஒரு கட்டை நடக்கவேணும்."

புதுச் சப்பாத்து அவளுக்குக் கடித்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்த ஒரு மைல் முடிந்த இடத்தில் பழைய கார் விற்கும் கடை இருந்தது. ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. இருவரும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கார்களுக்கு இடையில் நிலத்தைப் பார்த்தோம்.

"கல்லு நிண்ட குழியின்ரை அடையாளம் ஏதும் தெரியுதோ?" என்று அவள் கேட்டாள்.