பேயாண்டி வண்டியின் வெள்ளைப் பலகை

பேயாண்டி என்ற பேரை நான் முதலில் கேட்டது திருவாதவூரில், என் நாத்தனார் மகளுக்குக் காது குத்தியபோது. பந்தியில் உட்காராமல் ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவனைக் காட்டி, “எங்க சின்ன மாமியார் மகன் பேயாண்டி. அடுத்த வீட்டு வேலைன்னா முதல் ஆளா நிப்பான்” என்றாள் நாத்தனார்.

பிறகு பழங்காநத்தத்துக்குக் குடிவந்து, மூன்று சக்கர வண்டியில் காய்கறி மூட்டை ஏற்றிப் பிழைத்தான். எண்பத்தைந்தில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய சமயம், தெருக்காரர்களோடு ஒரு உதவிக் குழு தொடங்கினான். முடியாதவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூலி வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. ஆனால் மூட்டை வண்டி என்று நினைத்து யாரும் கூப்பிடவில்லை. பேர் எழுதினால் தெருவில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு சின்னம் வேண்டும். குழுவிடம் காசும் இல்லை. பெயின்டர் முகம்மது கனி சும்மாவே வண்டியின் முன்னால் பலகை அடித்து, வெள்ளையும் பூசித் தந்தார். என்ன வரைவது என்பதில்தான் வம்பு.

“கை போடுவோம்ணே. உதவிக் கை” என்றான் குழுவில் இருந்த சங்கிலி.

“அப்படியே அந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டும் போயிரு மாப்ள” என்றான் கருப்பு.

“அப்ப விளக்கு.”

“நம்ம வார்டுல சுயேச்சையா நிக்கிறவருக்கு அதான்.”

கனியிடம் மிச்சம் இருந்தது கறுப்பும் சிவப்பும். ரெண்டையும் சேர்த்துத் தொட்டாலே ஒரு கட்சிக் கொடி.

“உலகத்துல உள்ள சாமான் அம்புட்டையும் தேர்தல்காரன் எடுத்துக்கிட்டானா? கழுதையப் போடுங்க” என்றான் பேயாண்டி.

“கழுதைக்கு யாரும் நிக்கலையான்னு விசாரிச்சுட்டு வாரேன்” என்று தூரிகையைக் கழுவினார் கனி.

முடிவு இல்லாமல் கலைந்தார்கள். எங்கள் பக்கம் தேர்தல் சமயத்தில் வெள்ளையடித்த இடம் சும்மா கிடந்தால் முதலில் பார்த்தவனுக்குச் சொந்தம். மறுநாள் காலையில் பலகையில் ஒரு வேட்பாளர் பேரும் ஏணியும் இருந்தன.

அதே காலையில் அந்தத் தெரு ஒச்சாயி புருசன் விருமாண்டிக்கு நெஞ்சுவலி. பேயாண்டி வண்டியோடு ஓடினான். விருமாண்டி எதிர்க் கோஷ்டி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டே, “ஏணி வண்டியில நான் ஏற மாட்டேன்” என்றார். ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

பேயாண்டி பலகையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். “இப்ப ஏறுவீகளா?”

ஏறினார். பிழைத்தும் வந்தார். ஆனால் சங்கிலியின் மச்சான்தான் அந்த ஏணிக்காரர். தன் மச்சானைச் சாக்கடையில் போட்டதாகச் சொல்லி அவன் குழுவை விட்டு விலகினான். அவன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். பேயாண்டி தனியாகவே வண்டியை மிதித்தான். கூப்பிட்டது அவனைத் தெரிந்தவர்கள் மட்டும்தான். சின்னமில்லாமல் மற்றவர்களுக்கு அது மூட்டை வண்டியாகவே இருந்தது.

இப்போது காளவாசலில் மகள் தங்கப்பொண்ணு வீட்டில் இருக்கிறான். முழங்கால் மடங்குவதில்லை. வண்டியில் மருமகன் காய்கறி விற்கிறான்.