கறை மாமாவும் சீனத்து ஜாடியும்

சலவைக் கடைக்காரர் கறை எடுப்பதில் கில்லாடி. அதனால் தெருவே அவரைக் ‘கறை மாமா’ என்றுதான் கூப்பிடும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் ஆளைப் பார்க்க மாட்டார், காலரைத்தான் பார்ப்பார். ‘பார்க்காதீங்க’ என்று அவரை இடித்து இடித்து அவர் மனைவிக்கு முழங்கை வலி வந்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்டவரிடம்தான் மனைவியின் அண்ணனான மச்சான், தன் வீடு மாறும் அமளியில், ஒரு பழைய சீனப் பீங்கான் ஜாடியை விட்டுப் போனார். வெள்ளையில் சிவப்புப் பூக்கள். மச்சானின் அப்பா வாங்கிய ஜாடி.

“தூசி மட்டும் தட்டுங்க மாப்ளே. கழுவ வேணாம்.”

மாப்பிள்ளையை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுக்காத மனிதர் அவர். இந்தத் தடவையாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று கறை மாமாவுக்கு ஆசையான ஆசை.

ஆனால் ஜாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பல்லைக் கடித்துப் பார்த்தார், கை கேட்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு அவர் இறங்கிவிடவில்லை. பழைய பீங்கானுக்கு பிளீச் ஆகாது என்று விசாரித்து வைத்திருந்தார். மோதிரத்தைக் கழற்றினார். மேஜையில் துண்டை விரித்தார். துணியானால் மடிப்புக்குள் ஓரமாகத் தொட்டு, சாயம் போகிறதா என்று பார்ப்பது கடை வழக்கம். அதேபோல் ஜாடியின் அடியிலிருந்த பூவில், கறை எடுக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தார். சாயம் அசையவில்லை. ஓரம் தாங்கினால் முழுத் துணியும் தாங்கும். ஜாடி துணியில்லை என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

பிசுக்கு சமர்த்தாக வந்தது. உற்சாகமாக மேலே ஏறினார். விளிம்பருகே இருந்த பூவைத் தொட்டதும் பஞ்சு சிவந்தது. ஒரு இதழையே காணோம். அங்கே சில்லு பெயர்ந்த தழும்பு மட்டும் இருந்தது. “ஐயோ!” என்று கத்திவிட்டார்.

மனைவி ஓடிவந்து பஞ்சை முகர்ந்தாள்.

“சாயமில்லைங்க. என் நெயில் பாலிஷ்.”

“என்னது?”

“ஸ்கூல் படிக்கிறப்ப பந்து விளையாடி உடைச்சிட்டேன். அப்பா வர்றதுக்குள்ள பூசி மறைச்சேன். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.”

போன உயிர் திரும்பியது. மச்சான் நினைப்பு வந்ததும் மறுபடி போனது.

“நான் கெடுத்ததாவே இருக்கட்டும். உங்கண்ணன்கிட்ட எனக்கென்ன புதுசாவா பேரு கெடப்போகுது?” என்றார்.

மச்சான் வந்தார். கறை மாமா தொண்டையைச் செருமுவதற்குள் அவள் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மச்சான் தழும்பை விரலால் தடவினார்.

“நீ பூசுனப்ப கதவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். கை அப்படி நடுங்குச்சு உனக்கு. அழிஞ்சிடப் போகுதேன்னுதான் யாரையும் கழுவ விடல.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கறை மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கறையை எடுத்ததற்காக அவர் வருத்தப்பட்டது அன்றுதான்.

“அந்தக் கலரு இப்பவும் கிடைக்குதா?” என்று கேட்டார் மச்சான்.

அவள் உள்ளே போய்க் கிட்டத்தட்ட அதே சிவப்பில் ஒரு பாட்டிலை எடுத்துவந்தாள். மச்சான் ஜாடியைத் தூக்கிக் கறை மாமாவின் கையில் கொடுத்தார்.

“ஆடாம பிடிங்க மாப்ளே. அவ பூசட்டும்.”