மாத்தின மீன்

1. மாமல்லபுரம் சாலையில் உள்ள சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சால்மன் துண்டை எடுத்தேன்.
2. உறையில் நாடும் எடையும் இருந்தன. மரபணு மாற்றிய மீனா, இல்லையா என்ற குறிப்பு இல்லை.
3. மீன் வெட்டுபவரிடம் கேட்டேன்.

ஒல்லியான மனிதர். ரப்பர் செருப்பு, காதோரம் மட்டும் நரை. யார் எந்த மீனைக் கேட்டாலும் முதலில் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் எடை போடுவார்.

"அண்ணா, இது மரபணு மாத்தின மீனா?"

அவர் காதில் 'மாத்தின' மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும்.

"நான் எதுக்கும்மா மாத்தறேன்? காலைல வந்த சரக்கும்மா!"

மேலாளர் வந்துவிட்டார். "இன்னாய்யா, பழச மாத்தி வெச்சிட்டியா? இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா இங்க நிக்க முடியாதுன்னு சொல்லிகினு கீறேன்ல?"

நான் கேட்டது வேறு என்று விளக்கினேன். "அதெல்லாம் கம்பெனிக்குத்தான் தெரியும் மேடம்" என்றார் மேலாளர். கண்ணை மட்டும் மீன் வெட்டுபவரிடமிருந்து எடுக்கவில்லை.

மீன் வெட்டுபவர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரல் பழக்கத்தில் ஓரத்தைத் தடவியது.

"தல இருந்தா செவுள தூக்கிக் காட்டிருப்பேன். இதுல இன்னாத்தம்மா காட்டறது?"

அடுத்த வாரம் மீன் பிரிவில் வேறொருவர் நின்றார். பழையவர் இப்போது காய்கறித் தராசில் இருக்கிறார். யாரும் கேட்காமலே வெண்டைக்காய் நுனியை ஒடித்துக் காட்டுகிறார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார்; கோபமா என்று தெரியவில்லை.

சால்மன் அதே உறையில் விற்கிறது. என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.