மாமாவின் பாவத்தை நான் சொன்னது

எனக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு உண்டு. இப்போது கைப்பையில் பம்ப் இருக்கிறது. இரண்டு முறை உறிஞ்சினால் மூச்சு சரியாகிவிடும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் கடற்கரையில் அதற்குச் சொன்ன மருந்து ஆமை இரத்தம். கடலாமையை அறுத்ததும் ஒரு தம்ளர் சூடாகக் குடித்தால் ஆயுசுக்கும் இளைப்பு வராது என்பார்கள். குடித்தவர்களுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆமை பிடிப்பது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். வலையில் தானாக மாட்டினாலும் விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் நான் மூன்று நாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினேன். நாலாம் நாள் அப்பா தன் வலையில் மாட்டிய ஆமையை விடவில்லை. சாக்கைப் போட்டு மூடிக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் வலைக் கொட்டகையில் மல்லாக்கப் போட்டார். மல்லாக்கப் போட்டால் ஆமையால் திரும்பி எழ முடியாது.

அப்பாவின் வள்ளத்தில் மாமாவும் தொழில் செய்தார். அம்மாவின் தம்பி. அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. உச்சிப்புளிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். சாயங்காலம் வந்து கொட்டகையை எட்டிப் பார்த்தவர், "என்ன மச்சான், நான் பொண்ணு பாத்துட்டு வாரதுக்குள்ள நீங்க ஒண்ணக் கூட்டியாந்துட்டிய?" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளியில் வீட்டில் இரத்தம் சிந்தக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அறுப்பது என்று முடிவானது. ஆமைக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. நான் அடிக்கடி போய் அதன் கண்ணில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன். தெளிக்காதபோதும் அதன் கண்ணில் நீர் வழிந்தது.

சனிக்கிழமை காலையில் கோயிலில் ஞான உபதேச வகுப்பு. நம்முடைய பாவத்துக்காக ஆண்டவர் இரத்தம் சிந்தினார், குற்றமில்லாத செம்மறியைப் போல நமக்குப் பதிலாக மரித்தார் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். நான் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அன்று என்ன வந்ததோ, எழுந்து நின்றேன்.

"சிஸ்டர், எங்க வீட்டு ஆமையும் எனக்குப் பதிலாத்தான் சாகப் போகுது. ஆனா வேணாம்னு அழுவுது. அப்பவும் அது கணக்குல சேருமா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை, "உக்காரு" என்றார். என் வகுப்பில் வனத்துறை வாட்சரின் மகள் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். மத்தியானம் எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது. அதற்குப் பிறகு இன்றுவரை பத்துப் பேர் இருக்கிற இடத்தில் நான் கேள்வி கேட்பதில்லை.

மூன்று பேர் இறங்கினார்கள். கொட்டகையில் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, "யாரு கொண்டாந்தது?" என்றார் மூத்தவர். அப்பா எழுந்தார். அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம்; சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள், பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்த மாமா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாந்தேன் சார். மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்கு ஆமைக்கும் திருக்கைக்கும் வித்தியாசம் தெரிஞ்சா இந்நேரம் லாஞ்சு வாங்கிருப்பாரு."

"ஏலே, வெளையாட்டா இருக்கா? உள்ள போயிருவ."

"போய்ட்டு வாரேன் சார். சோறு போடுவியள்ல?"

அதிகாரி அப்பாவைப் பார்த்து, "நெசமா?" என்று கேட்டார். அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆமையை நாலு பேர் தூக்கிக் கடலில் விட்டார்கள். ஒரு பக்கம் பிடித்தது மாமாதான். "போ தாயி, நீயாவது போ" என்று அதன் ஓட்டில் ஒரு தட்டுத் தட்டினார். ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. உச்சிப்புளியில் இருந்தவரால் எப்படி ஆமை பிடிக்க முடியும்? பெரியவர் ஒருவர், அதுவும் தவக்காலத்தில், கூசாமல் பொய் சொல்கிறாரே என்று இருந்தது.

மாமாவை இராமநாதபுரத்தில் ரிமாண்ட் செய்தார்கள். அடுத்த வாரமே உச்சிப்புளியிலிருந்து ஆள் வந்து, பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பொய்க்குத் தண்டனை தொடங்கிவிட்டது என்று எனக்குப் பட்டது. இப்படியே விட்டால் மாமா நரகத்துக்கும் போய்விடுவார் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

தவக்காலம் முடியும் பெரிய வாரத்தில் ஊரே பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும். எப்போதும் முதலில் நிற்கும் அப்பா அந்த வருஷம் கோயில் படியோடு நின்றுவிட்டார். நான் மட்டும் போய்ப் பங்குச்சாமி முன்னால் முழங்காலிட்டேன்.

"சாமி, எங்க மாமா பொய் சொல்லிட்டாரு."

"உன் பாவத்த மட்டும் சொல்லு மகளே."

"எனக்கு வேற பாவம் இல்ல சாமி. அவரு ஜெயில்ல இருக்காரு, வந்து சொல்ல முடியாது."

கம்பித் தட்டிக்கு அப்பால் சாமி இருமினார். "என்ன பொய்?"

"ஆமையப் பிடிச்சது நாந்தேன்னு சொல்லிட்டாரு. பிடிச்சது அப்பா."

சாமி தூங்கிவிட்டாரோ என்று தட்டியில் கண் வைத்துப் பார்த்தேன். தூங்கவில்லை. "அந்தப் பொய்க்கு என்ன அபராதம் குடுக்கிறதுன்னு எனக்கே தெரியல. செபமாலைய எடுத்து ஒரு ஐம்பத்து மூணு மணி செபம் சொல்லு. உங்க அப்பாவுக்காகவும் சேத்துச் சொல்லு" என்றார்.

அப்பாவுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பொய் சொன்னது மாமாதானே. அதனால் மாமாவுக்கு மட்டும் சொல்லி முடித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பாஸ்கா சனியன்று மாமா ஜாமீனில் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. அம்மா அழுதுகொண்டே துண்டும் சோப்பும் எடுத்து வைத்தார். அப்பா தன் குளியலுக்குக்கூட ஒரு வாளி தண்ணீர் எடுக்காதவர். அன்று அவரே கிணற்றில் இறைத்து மாமாவின் தலையில் ஊற்றினார். இறைத்தார், ஊற்றினார், மறுபடியும் இறைத்தார்.

"போதும் மச்சான். ஆமைய விட்ட மாதிரி என்னயும் கடல்லயே விட்டுருவிய போல."

அப்பா நிறுத்தவில்லை. அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் செபம் பலித்துவிட்டது, மாமா சொன்ன பொய்யைத்தான் அப்பா கழுவுகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.