இடிந்ததும் இடித்ததும்

நேற்று சாயங்காலம் வேங்கிக்கால் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் போனை நீட்டினாள்.

"இங்க பாருப்பா, பிரான்ஸ்ல கூட மாடு விடறாங்க."

வட்டமான கல் கட்டடம், அடுக்கடுக்காக வளைவுகள், நடுவே மணலில் ஒரு கறுப்பு மாடு. வெள்ளை உடுப்புக்காரர்கள் அதன் கொம்பைத் தொட்டுவிட்டு ஓடினார்கள்.

"அது ஆர்ல்னு ஒரு ஊரு. ரோன் ஆத்தங்கரைல இருக்கு" என்றேன். பாண்டிச்சேரியைத் தாண்டாத அப்பனுக்கு இது எப்படித் தெரியும் என்று அவள் பார்த்தாள். அந்த ஊரின் இரண்டாயிரம் வருஷச் சரித்திரமும் எனக்குத் தெரியும், நாலைந்து வினைச்சொற்களில்.

இவள் பிறப்பதற்கு முன்பு, கோவில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. மார்கழி பிறந்தால் கிளேர் என்ற பிரெஞ்சு அம்மாள் வந்து இரண்டு மாதம் தங்குவார். தமிழ் சொல்லித்தரக் கேட்டார். பள்ளிக்கூடத் தமிழில் தட்டுத்தடுமாறிக் கரையேறியவன் நான். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ஒப்புக்கொண்டேன். எந்தப் பாடம் எடுத்தாலும் தன் ஊரைப் பற்றியே வாக்கியம் அமைப்பார். "கிரேக்கர் வந்தாங்க. ரோமர் வந்தாங்க. பெரிய வட்டம் கட்டினாங்க. ரோமர் போனாங்க." வட்டம் என்றால் அந்த மாடு விடும் கட்டடம். ஒரு சாம்ராஜ்யம் எழுந்து விழ அவருக்கு அரை நிமிஷம் போதும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிக் அடிப்பேன்.

ரோமர் போனபின் கொள்ளைக்குப் பயந்து ஜனங்கள் அந்த வட்டத்துக்குள்ளேயே புகுந்துகொண்டார்களாம். உள்ளே வீடுகள், சந்துகள், இரண்டு சின்ன தேவாலயங்கள். ரோமர் வைத்த கல்லையே சுவராக்கித் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. அப்போதிருந்த எங்கள் வீட்டுக்கும் பின்சுவர் கிடையாது, கோவில் மதில்தான். மழையில் நனைந்த அந்தக் கருங்கல் வாசனை சமையலறை வரை வரும். ரசத்திலும் இருக்கிறது என்பேன், அம்மா முறைப்பாள்.

"அப்புறம் வீடுங்க இடிஞ்சது" என்றார் கிளேர் ஒரு நாள்.

"தானா விழுந்தாத்தான் இடிஞ்சதுங்க மேடம். ஆள் வெச்சு செஞ்சா இடிச்சாங்க."

பென்சிலைக் கீழே வைத்தார். "அப்போ இடிச்சாங்க. பழைய கல்லு அழகா தெரியணும்னு. எங்க பாட்டிக்குப் பாட்டி அங்க பொறந்தாங்க."

"அந்த ஜனங்க எங்க போனாங்க?"

"புஸ்தகத்துல இல்ல."

அடுத்த கோடையில் எங்களுக்கும் சர்க்கார் காகிதம் வந்தது. மதிலை ஒட்டிய வீடுகளைக் காலி செய்ய வேண்டும், சம்மதக் கையெழுத்து வேண்டும். தெருவே போட்டுவிட்டது. அப்பா மட்டும் மறுத்தார். "நான் பொறந்த எடம்டா இது. செத்தாலும் போடமாட்டேன்." எனக்கோ ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் மாற்றாகக் கிடைக்கும் புது வீடு, அதில் குழாய் வைத்த குளியலறை என்று ஆசை. மூன்று நாள் விடாமல் பேசினேன். நாலாம் நாள் பேனாவை அவர் விரல்களுக்குள் நானே வைத்தேன். என்னைப் பார்க்காமல் போட்டார்.

மார்கழியில் கிளேர் வந்ததும் வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"மழைல இடிஞ்சு போச்சுங்க மேடம்."

"தானாவா?"

பொய் நாக்கில் நிற்கவில்லை. "இல்லீங்க, இடிச்சாங்க. அப்பாகிட்ட கையெழுத்து வாங்கினது நான்தான்."

அவர் நோட்டை மூடிவைத்தார். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

அப்பா அதற்கப்புறம் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் மதிலோரம் வெறுந்தரையில் ஓரிடத்தில் நின்று செருப்பைக் கழற்றுவார். எங்கள் வாசல் இருந்த இடம். இங்கெல்லாம் செருப்பு விடக்கூடாதுங்க என்று யாராவது சொன்னால் சரி என்பார், எடுக்கமாட்டார். அவர் போய்ப் பல வருஷமாகிறது.

போன கார்த்திகையில் அந்த இடத்தைக் காட்டலாம் என்று மகளை அழைத்துப்போனேன். மதில் இப்போது முழுசாக, அழகாகத் தெரிகிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூன்று தடவை நடந்தேன்.

"நம்ம வீடு எங்கப்பா இருந்துச்சு?" என்றாள்.

ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன்.