கீழிமை பார்த்தவர்

இலங்கையில் பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது, மாதம் ஒருமுறை தோட்டத்து மருந்துக்காரர் வருவார். ஒல்லியான மனிதர், குடையைப் பிடரிக்குப் பின்னால் கோட்டுக் காலரில் மாட்டியிருப்பார். கேட்காமல் கொள்ளாமல் நேரே உள்ளே வந்து, கட்டைவிரலால் ஒவ்வொரு பிள்ளையின் கீழிமையையும் இழுத்துப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் ஒரு சிறுமியிடம் வெகுநேரம் நின்றார்.

"கண்ணுல ரத்தமே இல்லைங்க வாத்தியாரே. வயித்துல பூச்சி. நாளைக்கு வெறும் வயித்தோட அனுப்புங்க, மருந்து குடுக்கணும். நாலு நாள் படுத்திருக்கட்டும்."

"இந்த வாரம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வர்றாருங்க. தடுமாறாம வாசிக்கிறது இவ ஒருத்திதான். அவர் போனதும் அனுப்புறேன்."

"சரிங்க" என்றார்.

மழையில் பாதை சரிந்து இன்ஸ்பெக்டர் வர மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வாரமும் அவளை நான் அனுப்பவில்லை. அவள் அழகாக வாசித்தாள்; பள்ளிக்கு நல்ல பெயர் கிடைத்தது. அவளை மருந்துக்கு அனுப்புமுன், மறுவாரமே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல் பரவியது. மற்றப் பிள்ளைகள் தாங்கினார்கள். அவளால் முடியவில்லை; இறந்துபோனாள்.

அடுத்த மாதம் மருந்துக்காரர் வந்தபோது அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டு, "புள்ளைங்களைப் பார்க்கலாங்களா, வாத்தியாரே?" என்று கேட்டார். நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை மாதாமாதம் அப்படியே கேட்டார். திட்டியிருந்தால் இன்ஸ்பெக்டரைச் சொல்லித் தப்பித்திருப்பேன். "பாருங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.