இரண்டு ஹசிந்தாக்கள்

சின்ன ஹசிந்தா ஜெயித்தவை இவை: ஒன்பது வயதில், எரிகிற வீட்டிலிருந்து மலைக்காட்டுக்குள் உயிரோடு ஓடியது. பட்டாளத்தின் எடுபிடிகள் வளைத்துப்போட்ட அப்பாவின் சோளக்காட்டைப் பதினோரு வருஷம் நடையாய் நடந்து மீட்டது. நெபாஹ் ஊர்ச் சந்தையில் யாரும் அசைக்க முடியாத ஓர் இடம்.

அண்ணன் கஸ்பாருக்கு இதெல்லாம் விரல்நுனியில். ஆனாலும் குவாத்தமாலா நகர நீதிமன்றத்தில், பார்வையாளர் பெஞ்சின் நுனியில்தான் அன்று அவரால் உட்கார முடிந்தது.

விசாரணை, 1982இல் அவர்கள் ஊரை அழித்த படையின் தளபதிமேல். செத்தவர்கள் பட்டியலில் நாற்பத்தோராவது பெயர் ஹசிந்தா பிரித்தோ, வயது பன்னிரண்டு. சாட்சிக் கூண்டில் நிற்பவள் பெயரும் ஹசிந்தா பிரித்தோ.

எதிர்த்தரப்பு வக்கீல் பட்டியலை ஆட்டினார். "செத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு. இந்தம்மா கல்லு மாதிரி நிக்கிறாங்க. மொத்தப் பட்டியலும் இந்த லட்சணந்தான். முதல்ல இந்தப் பேரை அடிங்க!"

அடித்தால், பெரிய தங்கச்சி சாகவே இல்லை என்றாகிவிடும். கஸ்பார் எழப்போனார். காவலர் தோளை அழுத்தினார்.

மொழிபெயர்ப்பாளர் அதை அவர்களுடைய இஷில் மொழியில் சொல்லி முடிக்கும்வரை சின்ன ஹசிந்தா பொறுத்திருந்தாள்.

"ஐயா, எங்கள்ல பாட்டி பேரைத்தான் பேத்திக்கு வைப்போம். அப்பாவைப் பெத்தவ ஹசிந்தா, அம்மாவைப் பெத்தவளும் ஹசிந்தா. ஒருத்தியை விட்டா அந்தப் பக்கம் சும்மா இருக்குமா? அக்கா பெரியவ, நான் சின்னவ. நம்பலைன்னா அங்க உக்காந்திருக்கிறவங்களைக் கேளுங்க, யார் யார் வீட்ல இப்படின்னு."

மடமடவென்று இருபது கைகள் உயர்ந்தன.

"எங்க வீட்ல மூணு பெத்ரோ! ஒருத்தனை வேலைக்குக் கூப்பிட்டா, மத்தவனைத்தான்னு மூணு பேரும் உக்காந்திருப்பானுங்க!" என்றார் பின்னால் ஒரு கிழவர்.

"அமைதி! வெளிய அனுப்பிருவேன்" என்ற நீதிபதி அம்மாளுக்கே உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. அரசு வக்கீல் நீட்டிய ஞானஸ்நானப் பதிவை அவர் புரட்டினார். மூன்று வருஷ இடைவெளியில் இரண்டு ஹசிந்தாக்கள்.

"ஆட்சேபணை தள்ளுபடி. பேர் இருக்கட்டும். பக்கத்துல 'மூத்தவள்'னு சேர்த்துக்குங்க."

கஸ்பார் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார்.

சாட்சியம் முடிந்ததும் குமாஸ்தா கைநாட்டுக்கு மை டப்பாவைத் தள்ளினார்.

"பேனா குடுங்க தம்பி" என்றாள் சின்ன ஹசிந்தா. "விரலை வெச்சா, இது எந்த ஹசிந்தா விரல்னு அந்த வக்கீல் மறுபடி எந்திரிப்பாரு."

"உனக்கு எழுத எப்படி...?" என்று கஸ்பார் வாயைப் பிளந்தார்.

"மகதான் சொல்லிக்குடுத்தா. சும்மா இருண்ணே, எழுத்து கோணிக்கும்."

ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: ஹசிந்தா பிரித்தோ, இளையவள். 2024 மே 14.